குரங்குக்கு இல்லாத மூக்கு நமக்கு எங்கிருந்து வந்தது?

"பழனி படிக்கட்டில் ஒரு குரங்கு என் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கியபோது அதன் முகத்தை இரண்டடி தூரத்தில் பார்த்தேன். மூக்கு என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை, இரண்டு ஓட்டைதான். நமக்கு மட்டும் ஏன் இப்படி நீட்டிக்கொண்டு நிற்கிறது? மோப்பத்தில் யார் கெட்டி, நாமா அதுவா? அதற்கும் சளி பிடிக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பொரியைப் பறிகொடுத்த நேரத்திலும் மூக்கைக் கவனித்திருக்கிறார், அதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குரங்குக்கு மூக்கு இல்லாமல் இல்லை. அது முகத்துக்குள்ளேயே நீளமாகப் படுத்திருக்கிறது. நம் மூக்கு வெளியே வளர்ந்தது என்பதைவிட, நம் முகம் உள்ளே போய்விட்டது என்பதுதான் சரி என்பது என் கட்சி. அதை விளக்க, குரங்குக்கும் முந்தைய ஒரு மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். நல்லவேளையாக அந்த மூக்கு பழனியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் அய்யலூர், கடவூர் காடுகளில் தேவாங்கு இருக்கிறது, குரங்குக்கும் நமக்கும் தூரத்து உறவான இரவுப் பிராணி. 2022-இல் தமிழக அரசு அங்கே 11,806 ஹெக்டேர் பரப்பைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தது. அந்தப் பக்கம் ஒருமுறை இரவில், சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சோடு, உள்ளூர்க்காரர் ஒருவர் பின்னால் நடந்தேன். முள்மரத்தில் முதலில் தெரிந்தது ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கங்கு. கண்தான். கிட்டே போனால் கால் கிலோ அளவில், குச்சி குச்சியான கைகால்களோடு ஒரு பிராணி, அசையாமல் நம்மையே பார்க்கிறது. அதன் மூக்கு நுனி விளக்கு பட்டு மினுங்கியது. ஈரம். நாய்க்கு இருப்பதுபோலவே ரோமமில்லாத, பொடிப்பொடியாகச் சொரசொரத்த ஈரத்தோல், நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. அந்தக் கோடு மூக்கோடு நிற்காமல் கீழிறங்கி மேலுதட்டையே இரண்டாகப் பிரித்து ஈறுவரை போகிறது.

அந்தக் கோடு ஒரு வாய்க்கால். கிளையில் இன்னொரு தேவாங்கு விட்டுப்போன சிறுநீரில் மூக்கை வைத்ததும் வாசனைப் பொருள் ஈரத்தில் கரைகிறது. தேவாங்கு தன் கைகால்களில் சிறுநீரைத் தடவிக்கொண்டு நடக்கிற பிராணி, அதனால் போகிற கிளையெல்லாம் அதன் கையெழுத்துதான். கரைந்தது அந்தக் கோடு வழியாக இறங்கி, முன்பற்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் புகுந்து, அண்ணத்திலுள்ள சிறு துளை வழியாக ஓர் இரண்டாம் மூக்கைச் சேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை விவரித்த டென்மார்க் மருத்துவரின் பெயரால் ஜேக்கப்சன் உறுப்பு என்பார்கள். வந்துபோனது ஆணா பெண்ணா, பெண் என்றால் இணைசேரும் பருவமா என்ற சமாச்சாரமெல்லாம் அங்கேதான் படிக்கப்படுகிறது.

இப்போது நாக்கு நுனியை மேலுதட்டுக்கும் முன் ஈறுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன நார் தட்டுப்படும், மற்றபடி உதடு சுதந்திரமாக இருக்கிறது. தேவாங்குக்கு அந்த நடுப்பகுதி ஈறோடு கட்டுண்டு கிடக்கிறது. உதட்டைச் சுழிக்கவோ குவிக்கவோ அதனால் முடியாது. ஈரமூக்கு வேண்டுமென்றால் உதட்டை அடகு வைக்க வேண்டும் என்பதுதான் அங்கே பேரம். நம் வழியில் வந்தவை அந்தப் பேரத்தை முறித்துக்கொண்டன. மூக்கு காய்ந்தது, உதடு அவிழ்ந்தது. பழனிக் குரங்கு பல்லைக் காட்டி உங்களை மிரட்டியதும், நாம் சிரிப்பதும், குழந்தை பால் குடிக்க உதட்டைக் குவிப்பதும், அவிழ்ந்த அந்த உதட்டைக் கொண்டுதான்.

மூக்கின் தோல் புதைபடிவத்தில் நிற்காதே, பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். பல்லைப் பார்ப்பார்கள். மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து இருந்தால் வாய்க்கால் ஓடியது என்று அர்த்தம். நெருக்கிக்கொண்டு நின்றால் உலர்மூக்கு. இந்த இரண்டு கிளைகளும் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. சீனாவில் கிடைத்து 2013-இல் விவரிக்கப்பட்ட ஆர்க்கிசெபஸ் என்ற சுண்டெலியளவுப் பிராணி அந்தக் காலத்தது, ஏற்கெனவே உலர்மூக்குக் கிளையில் நிற்கிறது.

இந்தப் பிரிவினையில் தகராறு செய்தது டார்சியர். போர்னியோ, சுலவேசி, பிலிப்பைன்ஸ் தீவுகளில் இரவில் திரியும் உள்ளங்கையளவுப் பிராணி, ஒவ்வொரு கண்ணும் அதன் மூளையளவு இருக்கும். பார்த்தால் தேவாங்குக்கு அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். அப்படித்தான் ரொம்ப நாள் சேர்த்து வைத்திருந்தார்கள். மூக்கைப் பார்த்தால் காய்ந்த தோல், ரோமம், முழு உதடு. 1918-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரெஜினால்ட் போக்காக் அதைத் தேவாங்குக் கூட்டத்திலிருந்து பிரித்துக் குரங்குகளோடும் நம்மோடும் சேர்த்து 'எளிய மூக்கின' என்று பெயர் வைத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1812-இல், பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் மற்ற பெயர்களைச் சூட்டியிருந்தார். தேவாங்கு, மடகாஸ்கரின் லெமூர் வகையறா வளைந்த மூக்கின. அமெரிக்கக் குரங்குகள் தட்டை மூக்கின. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மனிதக்குரங்குகளும் கீழ்நோக்கிய மூக்கின. மூலப்பெயர்கள் எல்லாம் கிரேக்கச் சொற்கள், நான் சொன்னது அவற்றின் அர்த்தம். ஆக, நம் குலத்தின் பெரிய பிரிவுகள் எல்லாவற்றுக்கும் மூக்கை வைத்தே பெயர் அமைந்துவிட்டது.

தட்டை மூக்குக்கும் கீழ்நோக்கிய மூக்குக்கும் வித்தியாசம் காண ஒரு படம் போதும். தென் அமெரிக்காவின் சிலந்திக்குரங்கு அல்லது மார்மொசெட்டின் முகத்தில் நாசித்துளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும், நடுவில் அகலமான சுவர். நம்மூர் நாட்டுக்குரங்கிலோ கருமந்தியிலோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், கீழே பார்த்தபடி. ஒரு விரலைக் கிடையாக உங்கள் மூக்கடியில் வையுங்கள், மூச்சு விரல்மேல் விழும். நாம் யார் பங்காளி என்பதற்கு அந்த அத்தாட்சியே போதும்.

கீழ்நோக்கிய மூக்கினத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த இரண்டாம் மூக்கு மூடப்பட்டுவிட்டது. அமெரிக்கக் குரங்குகளில் அது இன்னும் வேலை செய்கிறது. நம் கிளையில், ஜேக்கப்சன் உறுப்பு மூளைக்குச் சேதி அனுப்பத் தேவையான ஒரு மரபணு சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பழுதாகி, அப்படியே துருப்பிடித்துக் கிடக்கிறது. நமக்கு மூக்கின் நடுச்சுவரில் ஒரு சிறு குழி மட்டும் மிச்சம், அதிலிருந்து நரம்பு எதுவும் மூளைக்குப் போகக் காணோம்.

ஏன் மூடியது? சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்கும் கண் வந்ததும் மூக்கு தேவையற்றுப் போனது என்று அழகான ஒரு கதை உண்டு. பெண்குரங்கின் பருவத்தைச் சிறுநீரில் மோந்து அறிவதற்குப் பதில், சிவந்த தோலைப் பார்த்தே அறியலாம் அல்லவா. மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளை உண்டாக்குகிற மரபணுக்களை வைத்தும் 2004-இல் இதே கதை சொல்லப்பட்டது. ஆனால் 2010-இல் மேலும் பல இனங்களை ஒப்பிட்டபோது அந்த மரபணுக்கள் படிப்படியாக, எல்லாக் கிளைகளிலும் குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. கண் திறந்த அன்று மூக்கு மூடியது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. கதை அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

சரி, மோப்பத்தில் யார் கெட்டி? வேலை செய்யும் வாசனை ஏற்பி மரபணுக்கள் எலிக்கு 1,100 வாக்கில், நமக்கு 400 வாக்கில். எலியிடம் தோற்றுவிட்டோம், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பழனிக் குரங்கின் நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குக்கு அந்த எண்ணிக்கை 300 வாக்கில்தான். சிம்பன்சி கிட்டத்தட்ட நம் அளவு. அதனால் குரங்கு நம்மைவிட மோப்பத்தில் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். மனித மோப்பம் மந்தம் என்ற நினைப்பே 19-ஆம் நூற்றாண்டில் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் மூளைகளை அறுத்துப் பார்த்துக் கிளப்பிவிட்டது என்று 2017-இல் ஜான் மெக்கன் என்ற நரம்பியலாளர் விரிவாக எழுதினார். அதற்கும் முன், 2007-இல் வெளியான, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. கண்ணையும் காதையும் கட்டி, கையில் தடித்த உறை மாட்டி, கல்லூரி மாணவர்களைப் புல்வெளியில் மண்டியிட வைத்தார்கள். புல்லில் சாக்லேட் வாசனை ஊறிய கயிறு ஒன்று. மூக்கைத் தரையில் தேய்த்தபடி, நாயைப் போலவே இடமும் வலமுமாக வளைந்து, 32 பேரில் 21 பேர் கடைசிவரை போய்விட்டார்கள். ஒரு நாசித்துளையை அடைத்தால் தடுமாறினார்கள். அவ்வளவு ஏன், முதல் மழையில் வருகிற மண்வாசனையின் முக்கியப் பொருளான ஜியோஸ்மின் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. நமக்கு வராதது மோப்பம் அல்ல, மூக்கைத் தரைக்குக் கொண்டுபோகிற பழக்கம்தான்.

மூக்கே இல்லை என்ற உங்கள் குற்றச்சாட்டு எல்லாக் குரங்குக்கும் பொருந்தாது. போர்னியோவின் ஆற்றோரச் சதுப்பு மரங்களில் நீள்மூக்குக் குரங்கு வாழ்கிறது. ஆணுக்கு 20 கிலோ எடை, வாயை மறைத்துத் தொங்குகிற கத்தரிக்காய் மாதிரி மூக்கு, 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பெண் பாதி எடைதான், மூக்கும் சின்னதாக மேல்நோக்கித் தூக்கியிருக்கும். மலாய்க்காரர்கள் அதற்கு 'மொனியெத் பெலாண்டா', அதாவது டச்சுக்காரக் குரங்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீண்ட மூக்கும் பெருத்த வயிறும் யாரை நினைவுபடுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனை பெரிய மூக்கு எதற்கு என்பதற்கு 2018-இல் அளந்தே பதில் சொன்னார்கள். மூக்கு பெரிதாக இருக்கும் ஆணுக்கு உடல் எடையும் விதைப்பையும் பெரிது, அவனோடு இருக்கும் பெண்களும் அதிகம். குரலும் அந்த மூக்கால் மாறுகிறது. அடர்ந்த காட்டில் ஆளைப் பார்க்காமலேயே ஆள் எவ்வளவு பெரியவன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மயிலுக்குத் தோகை மாதிரி இவனுக்கு மூக்கு.

அதே குடும்பத்தில் நேர்மாறானவையும் உண்டு. சீனா, வியட்நாம், மியான்மர் மலைகளிலுள்ள சப்பைமூக்குக் குரங்குகளுக்கு மூக்கெலும்பு தேய்ந்து, துளைகள் வானத்தைப் பார்க்கும். அதில் ஒன்றுக்கு 1870-இல் அறிவியல் பெயர் வைத்தவர், துருக்கி சுல்தான் சுலைமானின் மனைவி ரொக்சலானாவின் பெயரைச் சூட்டினார். அந்த அம்மாளுக்கு மூக்கு தூக்கியிருந்ததாம். மியான்மரின் கச்சின் பகுதியில் 2010-இல் அறிவிக்கப்பட்ட இன்னோர் இனம், மழை வந்தால் துளைக்குள் நீர் புகுந்து தும்முகிறது என்றும், அதைத் தவிர்க்கத் தலையை முழங்காலுக்கிடையில் புதைத்து உட்காருகிறது என்றும் உள்ளூர் வேட்டைக்காரர்கள் சொன்னார்கள்.

இனி நம் மூக்கு. மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தில் தொட்டால் எலும்பு. அங்கிருந்து விரலைக் கீழே இழுத்தால் சட்டென்று எலும்பு முடிந்து வளைகிற பொருளாகிவிடும். மூக்குத்தி குத்துகிற இடத்தில் எலும்பே கிடையாது. அதனால்தான் மண்டையோட்டில் மூக்குக்குப் பதிலாக ஒரு ஓட்டை மட்டும் தெரிகிறது. வெளியே நீட்டிய மூக்கெலும்பு முதன்முதலில் தெளிவாகத் தெரிவது சுமார் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனித இனத்தின் மண்டையோடுகளில். அதற்கு முந்தைய ஆஸ்ட்ரலோபிதெகஸ் என்ற மூதாதை இனத்தின் முகம் இந்த விஷயத்தில் சிம்பன்சியைப் போலத்தான், தட்டை.

இதற்குக் காரணம் சொன்னவர்களில் 1988-இல் எழுதிய ஃபிரான்சிஸ்கஸ், டிரிங்காஸ் என்ற மானிடவியலாளர்கள் இருவரும் முக்கியமானவர்கள். ஆப்பிரிக்காவின் வறண்ட வெயிலில் நெடுந்தூரம் நடக்கத் தொடங்கிய மனிதனுக்கு மூச்சில் போகிற ஈரம் பெரிய நஷ்டம், நீட்டிய மூக்கு வெளிமூச்சின் ஈரத்தைத் திரும்பப் பிடித்து வைத்தது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுக்கிறோம், அது நுரையீரலைத் தொடும்போது உடல் சூட்டில், ஈரம் நிறைந்து இருக்க வேண்டும். அந்த வேலை மூக்கினுள் சுருண்டிருக்கும் மெல்லிய எலும்பு மடல்களுடையது.

ஆனால் 2016-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகேஷி நிஷிமுராவின் குழு, மனிதன், சிம்பன்சி, மெக்காக் குரங்கு (பழனிக் குரங்கின் வகை) ஆகியோரின் மூக்கை ஸ்கேன் எடுத்துக் கணினியில் காற்றை ஓடவிட்டுப் பார்த்தது. சூடாக்குவதிலும் ஈரமாக்குவதிலும் மூவரில் மோசம் நாம்தான். வெளியே நீட்டிய பகுதியை வைத்தாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மூக்கு விட்ட குறையை நம் நீண்ட தொண்டை சரிக்கட்டுகிறது. என் கட்சிக்கு இதுவே பலம். கல்லாயுதமும் பக்குவப்படுத்திய உணவும் வந்தபின் தாடையும் பல்லும் சுருங்கின. மூளை பெரிதானது. முன்னே துருத்திய வாய் மூளைக்கு அடியில் பின்வாங்கியது. மூக்கறையும் அதோடு குட்டையானது. நடுவிலிருந்த குருத்தெலும்புச் சுவரும் அதன் கூரையும் மட்டும் முன்னாலேயே நின்றுவிட்டன, நீர் வற்றிய ஏரியில் மதகு நிற்பதுபோல. பலருக்கு 'மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது' என்று டாக்டர் சொல்வது அந்தச் சுவரைத்தான்.

அழிந்துபோன நம் உறவினரான நியாண்டர்தால் மனிதரின் மூக்கு தனிக் கணக்கு. அவர்களுக்குப் பெரிய மூக்கறை. 2018-இல் செய்த கணினி ஆய்வில் நம்மைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றை இழுக்க முடிந்தவர்களாகத் தெரிந்தார்கள்.

நீட்டியது ஏன் என்பது ஒன்று, அகலம் ஏன் வேறுபடுகிறது என்பது வேறு. இங்கே தட்பவெப்பத்துக்குப் பங்கு உண்டு. குளிர்ந்த, வறண்ட இடத்தில் துளை குறுகல், சூடும் ஈரமும் உள்ள இடத்தில் அகலம் என்று தாம்சன், பக்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் 1923-இலேயே கணக்குக் காட்டினார்கள். தெற்காசியர் உட்பட நான்கு வம்சாவளியினரை முப்பரிமாணத்தில் அளந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வும் துளையின் அகலம் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் பொருந்திப்போகிறது என்றது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 1891-இல் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தில் மூக்குகளை அளந்து, மூக்கு அகலமாக ஆகச் சாதி தாழ்ந்துபோகும் என்று ஒரு விதியே எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் கையில் அளவுகோலோடு நம்மூர் மூக்குகளை அளந்து பட்டியல் போட்டார். காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டிய உறுப்பைச் சாதிச் சான்றிதழாக மாற்றிய வேலை அது. அந்தப் பட்டியல்களை இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

கடைசியாக, சளி. முதலில் ஒன்று: 'எனக்கு சைனஸ் இருக்கு' என்கிறோமே, எல்லாருக்கும் இருக்கிறது, முக எலும்புக்குள் உள்ள காற்றறைதான் சைனஸ். ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகள் பெரும்பாலும் கன்னத்துக் காற்றறையை இழந்துவிட்டன, மெக்காக் வகைக்கு மட்டும் உண்டு. உங்கள் பழனிக் குரங்கு அந்த வகைதான். நமக்குக் கன்னத்தில் இருக்கும் அறையின் வடிகால் ஓட்டை அடியில் இல்லாமல் மேலே இருக்கிறது. நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளியே வெளியேற்ற வேண்டும். ஜலதோஷத்தில் அந்த ஓட்டை வீங்கி அடைத்தால் அறை நிரம்பி, குனியும்போது கன்னம் கனக்கிறது.

குரங்குக்கும் சளி பிடிக்கும், நம்மிடமிருந்தே பிடிக்கும். உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013-இல் ஒரு சிம்பன்சிக் கூட்டத்துக்கு இருமலும் மூக்கொழுகலும் வந்தது. 56 சிம்பன்சிகளில் 5 செத்துப்போயின. இறந்த குட்டி ஒன்றைப் பரிசோதித்தபோது கிடைத்தது ரைனோவைரஸ் சி, நம் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தொற்றுகிற வைரஸ் வகை. 'ரைனோ' என்றால் கிரேக்கத்தில் மூக்கு. இப்போது அந்தப் பக்கம் மனிதக்குரங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு சில மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், சளி இருந்தால் அனுமதியே கிடையாது. பழனியில் அப்படி ஒரு விதி இல்லை, ஆனால் தும்மிக்கொண்டே குரங்குக்குப் பொரி நீட்டாதீர்கள்.